ஆள் நடத்துபவர்கள் மௌனம் பழகும் முறை: பாயிலிருந்து வேலையிடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்கும் கூட்டத்தில் நானும் பல வருடங்கள் மேற்பார்வையாளனாக இருந்திருக்கிறேன். அந்த வேலையின் நடுவே தியானப் பழக்கத்தைக் கைக்கொண்டதோடு, பின்னாளில் என்னிடம் கேட்டு வந்த கங்காணிகள், காய் உலர்த்தும் ஸ்டோரின் பொறுப்பாளர்கள், கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களான அயல்கூட்டங்களின் தலைவிகள், பள்ளித் தலைமையாசிரியர்கள் ஆகியோர் எங்கே இடறினார்கள் என்பதையும் கூடவே இருந்து பார்த்தேன். ஐந்து பேரையோ ஐம்பது பேரையோ நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கியவர்களில் பலர் முதல் இரண்டு மாதத்துக்குள் கைவிட்டதற்கு வரிசை மாறியதே காரணம். ஒரு தியான முகாமுக்குப் போய்த் திரும்பிய மறுநாளே பணியாளர்களை வட்டமாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்கிறார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தால் அதைத் தாங்கிப் பிடிக்க அடியில் எதுவும் இருப்பதில்லை. ஆகவே கீழே உள்ள படிகளை, ஒன்று கைவந்த பிறகு அடுத்தது என்ற முறையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்குவதற்கு முன் வேண்டியவை

ஓர் இடம், ஒரு நேரம், கோடு போட்ட ஒரு நோட்டு, உங்களிடம் உண்மை சொல்லக்கூடிய ஓர் ஆள் ஆகிய நான்கும் போதும். இடம் என்பது தனி அறையாக இருக்க வேண்டியதில்லை. பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு மூலை இருந்தால் போதும். ஆனால் அது நாள்தோறும் மாறாமல் இருக்க வேண்டும், ஏனெனில் உடம்பு இடத்தைப் பார்த்தே பழக்கத்துக்குள் இறங்குகிறது.

நான்காவதாகச் சொன்ன ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். உங்கள் கையால் சம்பளம் வாங்குபவர் எவரும் அந்த ஆளாக இருக்க முடியாது; அவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். உங்களைவிட மூத்த ஒரு தோழரோ, அக்காவோ, பங்குச் சாமியாரோ, பழைய ஆசிரியரோ பொருத்தமாக இருப்பார். மாதம் ஒருமுறை அவரைச் சந்தித்து, நோட்டிலிருந்து இரண்டு பக்கம் படித்துக் காட்ட வேண்டும் என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வழிமுறையை வெளியே தேட வேண்டாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே வழங்கும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சிவநாமமோ முருகநாமமோ சொல்லிப் பழகியவர் அதையே மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம், கிறிஸ்தவர் இயேசுவின் பெயரையும் முஸ்லிம் இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரையும் எடுத்துக்கொள்ளலாம், நம்பிக்கை எதுவும் இல்லாதவர் ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ணலாம். எதை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள். சலிப்பு வரும்போது முறையை மாற்றுகிறவருக்குச் சலிப்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

ஏலத்தோட்டத்தில் இருப்பவர்கள் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்க வேண்டாம். மாசியிலோ பங்குனியிலோ தொடங்கினால், அடுத்த எடுப்பு வருவதற்குள் பழக்கத்துக்கு வேர் பிடித்திருக்கும்.

2. முதல் மாதம்: தனியாக உட்காருதல்

காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் உட்காருங்கள். முந்தைய நாள் ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போயிற்று, எந்த ஜீப் வரவில்லை, யார் விடுப்பு என்ற செய்திகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால், உட்கார்ந்திருப்பது நீங்களாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஸ்டோர் நிர்வாகம்தான்.

முதல் வாரம் பத்து நிமிடம், அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி இருபதில் நிறுத்துங்கள். கைபேசியில் மணி வைத்துவிட்டு அதைத் திருப்பிப் போடுங்கள். முழங்கால் வலிப்பவர்கள் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்காரலாம்; மேலே மலையில் தங்குபவர்கள் கம்பளி போர்த்திக்கொள்ளலாம். குளிரைத் தாங்கிக்கொண்டு உட்காருவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

நாமத்திலோ மூச்சிலோ மனதை வையுங்கள். அது நழுவியது தெரியவந்ததும், வருத்தப்படாமல், திட்டிக்கொள்ளாமல், திரும்பக் கொண்டுவாருங்கள். இருபது நிமிடத்தில் நூறு தடவை திரும்ப வேண்டியிருக்கலாம். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. பிற்பாடு வேலையிடத்தில் கோபம் தலைக்கேறும் நேரத்தில் உங்களுக்குத் தேவைப்படப்போவது இந்தத் திரும்பும் திறன் ஒன்றே.

பொதுவான பிழை, 'இன்று நன்றாக உட்கார்ந்தேன், நேற்றுச் சரியில்லை' என்று மதிப்பெண் போடுவது. நாள்தோறும் எடை பார்த்துப் பழகிய நமக்கு இதையும் தராசில் வைக்கத் தோன்றும். உட்கார்ந்தேனா இல்லையா என்பதை மட்டும் நோட்டில் குறித்தால் போதும். தியானத்தின் நடுவே வேலை சம்பந்தமான நல்ல யோசனை தோன்றினால், எழுந்து எழுதாதீர்கள். முக்கியமானதாக இருந்தால் மணி அடித்த பிறகும் நினைவிருக்கும்.

அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களுக்கும், கண்ணை மூடினால் பழைய கொடுமைகள் எழுந்து வருபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மௌனம் அவர்களைக் கலக்கினால் உட்காருவதை நிறுத்திவிட்டு, கண் திறந்து மெதுவாக நடப்பதை வைத்துக்கொள்ளலாம். தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

3. இரண்டாம் மாதம்: இரவில் நாளைத் திரும்பிப் பார்த்தல்

கத்தோலிக்கப் புனிதரான லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த ஆன்மச் சோதனை ஐந்து படிகள் கொண்டது: பெற்றதற்கு நன்றி கூறுதல், தெளிவாகக் காண ஒளி வேண்டுதல், அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்த்தல், தவறியதற்கு வருந்துதல், மறுநாளுக்கு ஒன்றைத் தீர்மானித்தல். எந்த நம்பிக்கை உள்ளவரும், நம்பிக்கை இல்லாதவரும்கூட, சொற்களை மாற்றிக்கொண்டு இதைப் பின்பற்ற முடியும். நன்றியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. குற்றத்திலிருந்து தொடங்குபவர் மூன்றாம் நாளே நோட்டைத் திறக்க அஞ்சுவார்.

ஆள் நடத்துபவர்கள் மூன்றாம் படியில் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று யார் பேசி முடிக்கும் முன் நான் பதில் சொன்னேன்? இன்று என் கண்ணில் படாமலே போனவர் யார்? இன்று எடுத்த முடிவுகளில் எது பயத்தில் எடுத்தது? பதிலாக ஆளின் பெயரையும் இடத்தையும் எழுதுங்கள். 'இன்று பொறுமை குறைவாக இருந்தது' என்ற வரியை வைத்துக்கொண்டு மறுநாள் எதையும் செய்ய முடியாது. 'தராசடியில் இன்ன அக்காவிடம் கத்தினேன்' என்று எழுதினால், போய் நிற்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இது என் சொந்த அனுபவம். கிலோக் கணக்கில் எடுப்பு நடந்த ஒரு பருவத்தில், ஒரு மாலை, வயதான ஒரு பெண் தன் காய் 9 கிலோ இருந்ததாகவும் நான் 7 என்று எழுதிவிட்டதாகவும் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பொய் சொல்கிறவர் ஆக்கினேன். இரவில் நோட்டோடு உட்கார்ந்தபோதுதான், அவர் சாக்கைத் தராசில் வைத்த கணத்தில் நான் முதலாளியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை அவரைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டு, 2 கிலோவுக்கான காசையும் கொடுத்தேன். அவர் காசை வாங்கிக்கொண்டு, "நேத்து எல்லாரும் இருந்தாங்களே தம்பி" என்றார். தவறு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தில்தான் அதைத் திருத்த வேண்டும் என்ற விதியை அன்று மாலை தராசடியில் நின்று கற்றுக்கொண்டேன்.

இங்கே இரண்டு வகைப் பிழைகள் நேர்கின்றன. சிலர் இதைத் தம்மையே கூண்டில் ஏற்றும் நீதிமன்றமாக்கிக்கொள்கிறார்கள். வேறு சிலருடைய நோட்டு மெல்ல மெல்ல அடுத்தவர்கள் மீதான குற்றப் பட்டியலாக மாறிவிடுகிறது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு பக்கத்தில் 'நான்' எத்தனை முறை வருகிறது, 'அவன்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

4. மூன்றாம் மாதம்: வேலைக்கு நடுவே ஒரே ஒரு நிறுத்தம்

காலையில் கிடைத்த அமைதி பத்து மணிக்கே கரைந்துபோகிறது என்று எல்லோரும் குறைப்படுவார்கள். அதற்கு மருந்து இன்னும் அதிக நேரம் உட்காருவதல்ல. பகலில் ஒரு சிறு நிறுத்தம் வேண்டும். நாள்தோறும் நீங்கள் கட்டாயம் கடக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஸ்டோர் வாசற்படி, தராசடி, வகுப்பறைக் கதவு, ஜீப்பின் படி. அதைக் கடக்கும்போது மூன்று மூச்சு, அடுத்துச் சந்திக்கப்போகிறவரின் பெயரை மனதில் ஒருமுறை சொல்லுதல், அவ்வளவே.

நேரத்தை வைத்துக்கொள்ளாமல் இடத்தை வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், வேலை நாளில் நேரம் தப்பிவிடும், வாசற்படி எங்கும் போகாது என்பதே. ஒரு மாதம் வரை ஒன்றே போதும். ஆர்வத்தில் ஐந்து இடங்களைக் குறித்தவர்கள் ஐந்தையும் மறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணை மூடாதீர்கள், கைகூப்பாதீர்கள். பார்ப்பவர்களுக்கு நீங்கள் நடையைச் சற்றுத் தளர்த்தியது மட்டுமே தெரிய வேண்டும். வேலையாட்கள் முன் பக்தி காட்டும் மேற்பார்வையாளரை அவர்கள் மதிப்பதைவிட அஞ்சுவதே அதிகம். அஞ்சுகிறவர்கள் உண்மை பேச மாட்டார்கள்.

5. நான்காம் மாதம்: கேட்டல்

வழிகாட்டியின் நடுத்தண்டு இது. மற்றப் படிகளெல்லாம் இதற்காகவே. தமிழில் 'கேட்பது' என்றால் செவிமடுப்பதும் ஆகும், வினவுவதும் ஆகும். பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பொருளிலேயே வாழ்கிறார்கள்.

ஒருவர் குறை சொல்ல வந்தால் கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். அவர் பேசி முடித்துவிட்டார் என்று தோன்றிய பிறகும் இரண்டு மூச்சு பொறுங்கள். முக்கியமான செய்தி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வெளிவரும். லீவு கேட்க வந்தவர், தண்ணீர்க் குடம் உடைந்ததைச் சொல்ல வந்தவர், உண்மையில் மகளின் படிப்புக்கு முன்பணம் கேட்க வந்திருப்பார். அதன்பின் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே சுருக்கித் திருப்பிச் சொல்லி, "சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லைப் பகுதியில் இந்தத் திருப்பிச் சொல்லுதல் இன்னும் அவசியம். மலையாளத்தில் 'சோதிச்சு' என்றால் கேட்டேன் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது சோதனை போட்டேன் என்று விழும். ஒரு மலையாளி மேலாளர் சாதாரணமாகக் கேட்ட கேள்வியை, "என்னையே சோதிக்கிறாரு" என்று ஒரு பெண் நாள் முழுவதும் மனதில் வைத்துப் புழுங்கியதை நான் கண்டிருக்கிறேன். வடமாநிலங்களிலிருந்து வந்து தோட்டங்களில் தங்கி வேலை செய்பவர்களோடு பேசும்போது, நம் சொற்களில் பாதிதான் அவர்களைச் சென்றடைகிறது என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

புதியவர்கள் அறியாத ஆபத்து ஒன்று இந்தப் படியில் இருக்கிறது. மேலே இருப்பவரின் மௌனம் கீழே இருப்பவருக்கு அமைதியாகத் தெரியாது, கோபமாகத் தெரியும். முன்பு சட்டென்று பதில் சொன்னவர் திடீரென்று பேசாமல் நின்றால், எதிரில் இருப்பவர் வேலை போய்விடுமோ என்று நினைப்பார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் பேசாம இருந்தா கோபம்னு நினைக்காதீங்க, யோசிக்கிறேன்னு அர்த்தம்." பதில் உடனே சொல்ல முடியாவிட்டால் என்றைக்குச் சொல்வீர்கள் என்று நாள் குறிப்பிடுங்கள், குறிப்பிட்ட நாளில் சொல்லுங்கள். நாள் குறிக்காத மௌனத்தைத் தட்டிக்கழிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்வதில் தப்பும் இல்லை.

அழைக்கும் முறையையும் இதோடு சேர்த்துத் திருத்த வேண்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் செல்லும் கூட்டம் குமுளி வழியாகப் போகும் பருவத்தில், மாலை போட்ட முதலாளி, மூட்டை தூக்குபவரை 41 நாட்கள் "சாமி" என்று அழைப்பதையும், மாலையைக் கழற்றிய மறுநாள் அதே ஆளை "டேய்" என்று கூப்பிடுவதையும் நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். 41 நாட்கள் செய்ய முடிந்த ஒன்று 42ஆம் நாள் முடியாமல் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை. மூத்தவர்களை அக்கா, அண்ணே என்றும் இளையவர்களைப் பெயர் சொல்லியும் அழைப்பது என்று வைத்துக்கொண்டு ஒரு மாதம் தவறாமல் கடைப்பிடியுங்கள். தியானத்தின் பயன் அடுத்தவருக்கு முதலில் தெரிவது இங்கேதான்.

6. ஐந்தாம் மாதம்: முடிவெடுத்தல்

எல்லா முடிவுகளுக்கும் மௌனம் தேவையில்லை. உலர்த்தும் அறையில் புகை, மழைக்காற்றில் மரம் சாயும் நிலை, பாம்புக்கடி போன்றவற்றில் உடனே செயல்பட வேண்டும். எவையெல்லாம் உடனடி முடிவுகள் என்று முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், அவசரமில்லாததை அவசரம் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது குறையும்.

மற்ற முடிவுகளை இப்படி அணுகுங்கள். முதலில் செய்திகளை எழுதுங்கள்: எவ்வளவு பணம், எத்தனை பேர், எந்தத் தேதி. இதைத் தவிர்த்துவிட்டு நேராக உள்ளுணர்வுக்குப் போகிறவர்கள் தம் விருப்பத்தையே இறைவனின் குரலாக எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் முதல் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவே எண்ணி ஒரு நாள் நடமாடுங்கள். மறுநாள் இரண்டாவது வழியோடு அதேபோல. இரவு நோட்டில் எது உள்ளே இறுக்கத்தைத் தந்தது, எது இளக்கத்தைத் தந்தது என்று குறியுங்கள். மூன்றாம் நாள், அந்த முடிவால் நட்டமடையப் போகிறவர்களில் ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசுங்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் எடுத்த முடிவு எவ்வளவு தியானத்தில் பிறந்திருந்தாலும் அரைகுறையே.

மனம் வறண்டு சோர்ந்திருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பதும் இஞ்ஞாசியார் வகுத்த விதிகளில் ஒன்று. பதவியை விட்டு விலகும் கடிதத்தைச் சோர்ந்த இரவில் எழுதுகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு: கடிதத்தை எழுதுங்கள், பத்து நாள் பெட்டியில் வையுங்கள்.

7. ஆறாம் மாதத்துக்குப் பின்: குழுவுக்குக் கொண்டுபோதல்

இதற்குள் உங்களிடம் ஏதோ மாறியிருப்பதைச் சிலர் கவனித்துக் கேட்டிருப்பார்கள். கேட்காவிட்டால் இன்னும் பொறுங்கள்.

குழுவில் மௌனத்தைத் தொடங்குவதற்கு முன், கிடப்பில் இருக்கும் கூலிப் பாக்கி, குடிதண்ணீர், கழிப்பறை ஆகிய குறைகளைத் தீர்த்துவிட வேண்டும். இவை கிடக்கையில் தியானத்தைக் கொண்டுவந்தால், வாயை அடைக்கும் வேலை என்றே தொழிலாளர்கள் புரிந்துகொள்வார்கள். மௌனம் கூலி நேரத்துக்குள் இருக்க வேண்டும். விருப்பமில்லாதவர் வெளியே நிற்கலாம் என்பதை வாயால் சொன்னால் மட்டும் போதாது, வெளியே நின்றவரிடம் அடுத்த வாரமும் அதே முகத்தோடு பேச வேண்டும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் இருக்கும் குழுவில் எந்த நாமமும் வேண்டாம். பேசாமல் இருப்பது எல்லோருக்கும் பொது.

1998-ல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீயின் கீழ் இயங்கும் அயல்கூட்டங்களில், எல்லைப்புறத் தமிழ்ப் பெண்கள் பலர் உறுப்பினராக இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தை நடத்துபவர் மௌனத்தைத் தொடக்கத்தில் வைக்க வேண்டாம். பிந்தி வருபவர், குழந்தையோடு வருபவர், பால் காய்ச்ச வைத்துவிட்டு வந்தவர் என்று முதல் கால் மணி நேரம் கலைந்தபடிதான் இருக்கும். சேமிப்புப் பணம் வசூலித்த பிறகு, யாருக்குக் கடன் என்று பேசத் தொடங்கும் முன், இரண்டு நிமிடம் வையுங்கள். சண்டை வரும் இடம் அதுதான். மௌனம் வேலை செய்ய வேண்டிய இடமும் அதுவே. குவேக்கர்கள் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினர் தம் அலுவல் கூட்டங்களை மௌனத்தில் தொடங்கி, வாக்கெடுப்பு இல்லாமலே கூட்டத்தின் மனப்போக்கை அறிந்து முடிவு செய்வார்கள். நம் கூட்டங்களுக்கு வாக்கெடுப்பு இல்லாமல் சரிப்படாது; ஆனாலும் வாக்குக்கு முன் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால், உரக்கப் பேசுகிறவரின் பிடி கொஞ்சம் தளரும்.

8. வீட்டில்

வீட்டுக்கு ஒரே ஒரு குறிப்பு. அங்கே நீங்கள் மேற்பார்வையாளர் அல்லர். மலையிறங்கும் ஜீப்பில் கடைசி வளைவு தாண்டியதும் நான்காம் படியில் சொன்ன மூன்று மூச்சை எடுத்துக்கொண்டு, கணக்கு நோட்டைப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். தியானத்துக்காகக் காலையில் எடுத்துக்கொண்ட இருபது நிமிடம் வீட்டில் வேறொருவரின் தலையில் வேலையாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால், தண்ணீர் பிடிப்பதோ பாத்திரம் கழுவுவதோ, அதற்கு ஈடாக ஒன்றை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. பழக்கம் தளரும்போது

எடுப்புக் காலத்தில் தளரத்தான் செய்யும். அப்போது இருபதைப் பத்தாக்குங்கள். இரவு நோட்டை மூன்று வரியாக்குங்கள். வாசற்படி நிறுத்தத்தை மட்டும் விடாதீர்கள், அதற்கு நேரமே ஆகாது. நாலு நாள் விட்டுப்போனால் விட்ட நாட்களைச் சேர்த்து ஈடுகட்ட முயல வேண்டாம். பட்டினி கிடந்தவர் நாலு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்பதுபோல அது ஆகிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை, எடுப்பு முடிந்த மாதங்களில், இரண்டு நாள் முழு மௌனத்துக்கு ஒதுக்குங்கள். கேரளத்து மலையூரான வாகமண் அருகே 1958-ல் தொடங்கப்பட்ட குரிசுமலை ஆசிரமத்தில் கத்தோலிக்கத் துறவிகள் மாடு வளர்த்துப் பால்பண்ணை நடத்திக்கொண்டே தம் வழிபாட்டு நேரங்களைக் காத்துவருகிறார்கள். உழைப்பும் மௌனமும் ஒரே நாளில் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதைப் பார்க்க அது நல்ல இடம். முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுக்கொண்டு போக வேண்டும். போக முடியாதவர்கள் ஊரிலுள்ள கோயில் மண்டபத்திலோ மாதா கோயிலிலோ கைபேசி இல்லாமல் ஒரு பகலைக் கழிக்கலாம். அந்த இரண்டு நாட்களில் புதிதாக எதையும் படிக்காதீர்கள். அந்த ஆண்டின் நோட்டுகளை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஒரே பெயர் மூன்று மாதத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வந்திருந்தால், மலைக்குத் திரும்பிய முதல் நாள் பார்த்துப் பேச வேண்டியவர் அவர்தான்.